மாரிக்கனியின் பழைய முகம்

இறங்கவில்லை. காலை எட்டு மணிக்கு மாரிக்கனியிடம் எடுத்த இரத்தத்திலும் ஹார்மோன் நானூற்றுப் பத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் மாலையே அது ஐம்பதுக்குக் கீழே வந்திருக்க வேண்டும். நான் எந்திரத்தைத் திட்டினேன். இரத்தம் எடுத்துக் கொடுத்த நர்ஸைத் திட்டினேன். யாரும் மிச்சமில்லாமல் போகவே என்னையே திட்டிக்கொண்டு மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அதே நானூற்றுப் பத்து.

என் பெயர் லூர்து மேரி. விருதுநகர்ப் பக்கம் உள்ள இந்தத் தீக்காய ஆராய்ச்சி மருத்துவமனையில், மருத்துவம் படிக்காத ஒரே டாக்டர் நான்தான். ஓசூரில் பன்னிரண்டு வருஷம் பட்டுப்புழுவோடு குடித்தனம் நடத்திவிட்டு வந்தவள். இங்கே எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் பூச்சியம்மா என்பார்கள். அறுவை சிகிச்சை நிபுணர் ஷாநவாஸ் மட்டும் முகத்துக்கு நேராகவே சொல்வார்.

அவர்தான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பூச்சியம்மா, என்ன சொல்லுது உங்க எந்திரம்?"

"இறங்கல."

"அவளுக்குக் காய்ச்சல் நூத்தி மூணு. பழைய தோல் பலகை மாதிரி இறுகிப்போச்சு. வேர்க்கல, நெஞ்சு விரியல. நாலு மணி வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல கத்தி எடுத்துருவேன்."

"வெட்டினா உள்ள இருக்கிற புதுத் தோலும் கிழிஞ்சிரும் டாக்டர்! பாலாடை மாதிரி இருக்கு அது."

"தெரியும். மறுபடியும் தழும்பாகும், முன்ன இருந்ததவிட மோசமாகவே ஆகும். ஆனா ஆள் இருப்பா. எனக்கு மொதல்ல ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நியாயமான மனுஷன் கோபமில்லாமல் பேசினால் நமக்குத்தான் பயம் பிடிக்கிறது.

மாரிக்கனியைப் பற்றிச் சொல்கிறேன். வயது இருபத்தாறு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்தபோது வாசலில் நின்றவள். முகம், கழுத்து, நெஞ்சு, இரண்டு கை எல்லாம் வெந்துபோயின. அப்போது அவள் ஏழு மாசக் கர்ப்பிணி. பிள்ளையை எப்படியோ காப்பாற்றி எடுத்துவிட்டார்கள். முத்துமீனா என்று பெயர் வைத்தார்கள். தீக்காயம் ஆறியபோது மாரிக்கனியின் மோவாய் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒரு கண் மூடாது. இடது கன்னத்தில் கயிறு மாதிரி ஒரு மேடு.

அவளுக்குத்தான் எங்கள் தோலுரிப்பு சிகிச்சை. பூச்சிகள் வளரும்போது பழைய தோலைச் சட்டைபோலக் கழற்றிவிட்டுப் புதுத் தோலோடு வருகின்றனவே, அதை மனிதத் தோலுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். முதலில் ஓர் ஊசி. அது பூச்சியின் ஹார்மோனை அடையாளம் தெரிந்துகொள்ளும் பூட்டு ஒன்றைத் தோல் செல்களில் பொருத்தும். பிறகு நான்கு நாள் ஹார்மோன் ஏற்றுவோம். ஐந்தாம் நாள் பழைய தோல் கழல வேண்டும். ஆறு பேருக்கு உள்ளங்கை அகலத்துக்குச் செய்து பார்த்தோம். ஆறும் வெற்றி! முகமும் உடம்பின் பாதியுமாகச் செய்தது மாரிக்கனிக்குத்தான் முதல் முறை. இன்று ஆறாம் நாள்.

கையெழுத்து வாங்கும் படிவத்தில் பத்துப் பக்கம் எழுதி வைத்திருந்தோம். கைரேகை மாறலாம், ரேஷன் கடையில் விரல் வைத்தால் எடுக்காது, மச்சம் போய்விடும், பச்சை குத்தியது போய்விடும் என்று எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மாரிக்கனி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எம் பிள்ளைக்கு என்னத் தெரியுமா டாக்டரம்மா?"

நான் சிரித்தேன். "பெத்த தாயப் பிள்ளைக்குத் தெரியாமப் போகுமா? போடி, கையெழுத்தப் போடு."

ஒன்பது மணிக்கு வார்டுப் பக்கம் ஓடினேன். வாசலில் அவள் புருஷன் செல்லப்பாண்டி உட்கார்ந்திருந்தான். லாரியில் லோடு ஏற்றுகிறவன். இந்த ஆறு நாளும் அங்கேயே கிடக்கிறான். அவன் கைலி ஓரம் முழுக்க ஏதோ முள்ளு முள்ளான விதைகள்.

"ஏம்ப்பா, எங்க போய்ப் புரண்டுட்டு வர்ற? இத ஒட்டிக்கிட்டு உள்ள போகக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது!"

"பின்பக்க வேலியோரம் போனேன் மேடம்" என்று அவசரமாகப் பிய்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டான். "மேடம், எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. உள்ள புதுத் தோலு வந்துருச்சுன்னு சொன்னீக. அப்பறம் பழசு ஏன் கழல மாட்டேங்குது?"

அவசரம்தான். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றேன்.

"புழுவுக்கு ஹார்மோன் ஏறும்போது உள்ள புதுத் தோல் உருவாகும். ஆனா பழசு எப்பக் கழலும்னா, ஏறின ஹார்மோன் இறங்கும்போதுதான். அந்த இறக்கம்தான் உத்தரவு. இறங்கலன்னா ரெண்டு தோலுக்குள்ளயும் மாட்டிக்கிட்டு..." நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"செத்துருமா?"

"புழு. நான் புழுவச் சொன்னேன்."

அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். துண்டை எடுத்துவிட்டு, "அத இறக்குறது யாரு?" என்றான்.

"புழு உடம்புலயே ஒரு நொதி இருக்கு. ஹார்மோனோட வால்ல ஓர் ஆக்சிஜனக் கொண்டுபோய் ஒட்டும். அப்பறம் அந்த வாலையே அமிலமா மாத்திரும். அமிலமாயிட்டா அது பூட்டுக்குள்ள நுழையாது, ஒண்ணுக்கு வழியா வெளிய போயிரும். அந்த நொதியத்தான் ரெண்டாவது ஊசி மூலமா உங்க வீட்டுக்காரி ஈரல்ல வேலைக்கு வச்சிருக்கோம்."

"அப்ப அந்த ஆளு இன்னிக்கு வேலைக்கு வரலயோ மேடம்?"

அப்படியே நின்றுவிட்டேன். லோடு ஏற்றுகிறவனுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும்! ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று விடியற்காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேனே தவிர, உடைந்த துண்டு எவ்வளவு வெளியே போகிறது என்று பார்த்தேனா? ஆள் வேலைக்கு வந்தானா என்று தெரிய, அவன் இறக்கிப் போட்ட மூட்டையை எண்ணினால் போதுமே. அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மாரிக்கனியின் சிறுநீர்க் குப்பியை வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். ஐம்பத்தோரு வயதில் அப்படி ஓடக் கூடாது.

முடிவு வரப் பத்தரை ஆனது. திரையைப் பார்த்ததும், "மாதாவே!" என்று கத்திவிட்டேன்.

உடைந்த துண்டுகள் மலைபோலக் குவிந்திருந்தன. நொதி வேலைக்கு வந்திருக்கிறது. வந்தது மட்டுமா, ஓவர்டைம் பார்க்கிறது! இருந்தும் இரத்தத்தில் ஹார்மோன் குறையவில்லை என்றால் அர்த்தம் ஒன்றுதான். இந்தப் பக்கம் உடைக்க உடைக்க, அந்தப் பக்கம் யாரோ உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஹார்மோன் ஏற்றும் குழாயை நேற்றைக்கு முன்தினமே என் கையால் கழற்றியாயிற்று. சாப்பாடு எங்கள் சமையலறையிலிருந்துதான் போகிறது. செடிகளிலும் சிலவற்றில் இந்த ஹார்மோன் உண்டு. தன்னைத் தின்ன வரும் புழுவைக் குழப்பிவிட அவை செய்யும் தந்திரம் அது. அதனால் பாலக் கீரை கூடாது, சாரணைக் கீரை கூடாது என்று பட்டியல் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியவளே நான்தான். அப்புறம் எங்கிருந்து?

காலையில் எடுத்த இரத்தத்தை இந்த முறை பெரிய எந்திரத்தில் ஏற்றினேன். தினமும் செய்யும் சோதனை எடையை மட்டும் பார்க்கும். இது எடையோடு ஒவ்வொன்றும் எந்த நொடியில் வெளியே வருகிறது என்றும் பார்க்கும். ஹார்மோன் தன் நேரத்துக்கு வந்தது. நாற்பது நொடி தள்ளி இன்னொன்று எட்டிப் பார்த்தது! அதே எடை, வேறு ஆள். ஹார்மோனின் தம்பி. அன்றாடச் சோதனை இரண்டையும் சேர்த்துக் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டியிருக்கிறது.

அந்தத் தம்பியை எனக்கு நன்றாகத் தெரியும். ஓசூரில், எல்லாப் புழுவும் ஒரே நாளில் பழுத்துக் கூடு கட்டுவதற்கு மல்பெரி இலைமேல் தெளிக்க ஒரு மருந்து செய்தோம். அதற்காக ஒரு களைச்செடியின் வேரை மூட்டை மூட்டையாகக் காய்ச்சி வடித்தவள் நான். அந்த வேரைக் காய்ச்சினால் அண்ணனும் தம்பியும் ஒன்றாகத்தான் வருவார்கள். மூட்டையைத் தூக்கி முடித்தால் புடவையெல்லாம் முள் விதை ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து பிய்ப்பேன்.

முள் விதை!

மறுபடியும் ஓடினேன். வார்டு வாசலில் குப்பைத்தொட்டிக்குள் கையை விட்டேன். நர்ஸுகள் பார்த்தார்கள், பார்க்கட்டும். செல்லப்பாண்டி பிய்த்துப் போட்ட விதையை எடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"இது நாயுருவிதானே? வேலியோரம் நாயுருவியில உனக்கென்னப்பா சோலி?"

அவன் உள்ளே கட்டிலைப் பார்த்தான். நான் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய் மாரிக்கனியின் தலையணையைத் தூக்கினேன். ஈரத் துணியில் சுற்றி, விரல் நீளத்துக்கு நறுக்கிய நாலு வேர். ஒரு நுனி மென்று மென்று தூரிகையாகியிருந்தது.

"என்னடி இது?"

இறுகிப்போன உதட்டை அசைத்து அவள் மெல்லப் பேசினாள். "பல்லு வெளக்க டாக்டரம்மா."

"எத்தன தடவ?"

"காலைல, மத்தியானம், சாயங்காலம். சாறத் துப்பக் கூடாதுன்னு சொல்வாக. முழுங்கிருவேன்."

"யாரு சொல்வாக?"

"எங்க ஊர்ல எல்லாரும் சொல்றதுதான். நாயுருவி வேர்ல பல்லு வெளக்குனா மொகத்துக்கு வசீகரம் வரும்னு."

எனக்கு வந்ததே கோபம்! "அறிவிருக்காடி உனக்கு? கோடிக்கணக்குல செலவு பண்ணி உனக்குப் புது மொகம் பண்ணிக்கிட்டு இருக்கோம். அது பத்தாதுன்னு வசீகரம் வேற வேணுமோ மகாராணிக்கு? யாரப் போய் மயக்கப் போற?"

அவளுடைய மூடாத கண்ணில் தண்ணீர் கட்டியது. பழைய தோல் இறுகியிருந்ததால் அது வழியக்கூட இல்லை.

"எம் மகள டாக்டரம்மா. அவ பொறந்ததுலருந்து இந்த மொகத்தத்தான பாத்திருக்கா. வேற மொகத்தோட போயி நிண்டா எங்கிட்ட வருவாளா? பாத்ததும் பிடிக்கணும்ல. அதுக்குத்தான்."

நான் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். படிவத்தில் கையெழுத்துப் போட்ட அன்று அவள் கேட்டது இதைத்தான். நான் சிரித்திருக்கிறேன்.

இன்னொன்றும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதல் நாள் அவள், பற்பசை வாயில் எரிகிறது என்றாள். நான் வேறு ஏதோ எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பதில் சொன்னேன். "குச்சி வச்சு வெளக்கிக்க. உங்க ஊர்ல கிடைக்காத குச்சியா?" கீரைக்குப் பட்டியல் போட்டு ஒட்டிய மகராசி, பல் குச்சியைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்தேனா? வாய்க்குள் போவதெல்லாம் சாப்பாடு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"மன்னிச்சிரு தாயி" என்றேன். "தப்பு என்மேல. இப்பச் சொல்லு, கடைசியா எப்ப வெளக்கின?"

"ஏழு மணிக்கு."

நேரம் பதினொன்றே முக்கால். ஷாநவாஸை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ வேரை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்கம்மாவும் சொல்லும்" என்றார். வாயைக் கழுவி, வயிற்றில் மிச்சமிருக்கும் சாற்றை உறிஞ்சக் கரித்தூள் கரைத்துக் கொடுத்தார். "ஆனா நாலு மணி நாலு மணிதான் பூச்சியம்மா."

ஒரு மணிக்கு முந்நூற்றுத் தொண்ணூறு. அசையவே இல்லையே என்று தலையில் கை வைத்தேன். இரண்டு மணிக்கு இருநூற்றுத் தொண்ணூறு! ஆய்வகத்தில் தனியாக நின்று கை தட்டினேன். உடை, ராசா, உடை என்று கண்ணுக்குத் தெரியாத அந்த நொதியைப் பார்த்துக் கெஞ்சினேன். மூன்று மணிக்கு நூற்று அறுபது. இந்தப் பக்கம் எண் இறங்க இறங்க, அந்தப் பக்கம் அவள் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே குளிர்சாதனத்தை முடிந்த மட்டும் கூட்டி, அவளைச் சுற்றி ஐஸ் பொட்டலங்களை அடுக்கியிருந்தார்கள். மூச்சு மேல் மூச்சாக வாங்கியது.

மூன்றே முக்காலுக்குத் தொண்ணூற்றைந்து. அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வார்டுக்குப் போனேன். ஷாநவாஸ் கையுறை மாட்டியிருந்தார்.

"அம்பதுக்குக் கீழ வரணும் டாக்டர். இன்னும் அரை மணி நேரம். இறங்குற வேகத்தப் பாருங்க!"

"அவ மூச்சு விடுறதப் பாருங்க நீங்க."

"பதினஞ்சு நிமிஷம்."

"ஒவ்வொரு நிமிஷமும் அவ கணக்குலதான் எடுக்கிறோம், உங்க கணக்குல இல்ல."

மாரிக்கனி கையைத் தூக்கினாள். விறைத்த விரலால் அவர் சட்டையைத் தொட்டாள். "பதினஞ்சு நிமிசம் குடுங்க சார். எம்புள்ளைக்காண்டி."

அவர் கடிகாரத்தைக் கழற்றி அவள் தலைமாட்டில் வைத்தார். நாலு அடித்தது. நாலு ஐந்து. நான் அவளுடைய இடது காதுக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டுப்புழுவுக்குத் தலைக்குப் பின்னால்தான் முதலில் வெடிப்பு விடும். மனுஷிக்கு எங்கே விடும் என்று எவருக்குத் தெரியும்! நாலே காலுக்கு ஷாநவாஸ் கத்தியை எடுத்துவிட்டார்.

"டாக்டர்! பொறுங்க!"

காதுக்குப் பின்னால் நூல் மாதிரி ஒரு கோடு. கோடு கழுத்து வரைக்கும் ஓடியது. உள்ளே இளஞ்சிவப்பாக, ஈரமாக, புத்தம்புதிதாக ஏதோ மின்னியது. மாரிக்கனி நெஞ்சு விரிய ஒரு மூச்சை இழுத்தாள் பாருங்கள், நெஞ்சுக் குழியிலும் ஒரு கோடு விட்டது! ஷாநவாஸ் கத்தியைத் தட்டில் எறிந்துவிட்டு, "பஞ்சு! உப்புத் தண்ணி! யாரும் இழுக்காதீங்க, அதுவா வரட்டும்!" என்று கூவினார். அதுவாகத்தான் வந்தது. மோவாயிலிருந்து மேலே, கன்னம், மூக்கு, நெற்றி என்று ஒரே துண்டாக, கொஞ்சமும் கிழியாமல். கழுத்தில் ஒட்டியிருந்த மோவாய் மூன்று வருஷத்துக்குப் பிறகு நிமிர்ந்தது. இரண்டு கண்ணையும் அவள் மூடினாள். இரண்டையும்! மூடித் திறந்தாள். நான் ஷாநவாஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவர், "பூச்சியம்மா, கையுறை, கையுறை" என்று கத்திக்கொண்டே அவரும் அழுதார்.

மூன்று நாள் கழித்துப் பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னோம்.

கழன்ற தோலைக் கழுவி, உலர்த்தி, ஆய்வகத் தட்டில் முகம்போலவே விரித்து வைத்திருந்தேன். விதிப்படி அன்று மாலை ஐந்து மணிக்கு அதை எரித்துவிட வேண்டும். "ஒரு தடவ பாத்துக்கிறேன் டாக்டரம்மா" என்று மாரிக்கனி கேட்டாள் என்பதற்காக வார்டுக்கு எடுத்துப் போனேன். அவள் பார்த்தாள். அந்தக் கன்னத்து மேட்டை விரலால் தடவினாள். "இதப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவ தூங்குவா" என்றாள். தட்டை ஜன்னலோரத்து முக்காலியில் வைத்தேன். அங்கிருந்து எடுத்து வைக்க மறந்தேன். மறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

செல்லப்பாண்டி மகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். புதுக் கவுன், இரட்டைச் சடை. மாரிக்கனி கட்டிலிலிருந்து எழுந்து நின்றாள். என்ன முகம் அது! மாசு மரு இல்லாமல், கொஞ்சம் வெளிறி, இன்னும் எதற்கும் பழகாத முகம். அவன் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டான்.

முத்துமீனா மாரிக்கனியைப் பார்த்தாள். அப்பாவின் கால்களுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள்.

"இந்தா பாரு, யாருன்னு பாரு" என்றான் அவன்.

பிள்ளை பார்க்கவில்லை. அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டியவள், ஜன்னலோரத்தில் நிறுத்தினாள். முகம் மலர்ந்து போயிற்று. குடுகுடுவென்று ஓடி, முக்காலியைப் பிடித்துக்கொண்டு எட்டி நின்று, தட்டிலிருந்த கன்னத்து மேட்டில் விரலை வைத்தாள்.

"அம்மா தூங்குது" என்றாள் எங்களிடம், ரகசியமாக.

"முத்துமீனா" என்று மாரிக்கனி கூப்பிட்டாள். "ஏ கண்ணு. அம்மா இங்க இருக்கேன்ல."

பிள்ளை சட்டெனத் திரும்பினாள். குரல் வந்த வாயைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"எங்கம்மா மாதிரி பேசாத!"

செல்லப்பாண்டி மகளை எடுக்கப் போனான். மாரிக்கனி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். புதுக் கன்னத்தில் கண்ணீர் தங்குதடையில்லாமல் ஓடியது. என்னைப் பார்த்து, "நாயுருவி வேல செய்யல டாக்டரம்மா" என்றாள், சிரிக்க முயன்றுகொண்டே.

மணி ஐந்து. தட்டை வாங்கிப்போக வாசலில் ஊழியர் வந்து நின்றார். பின்னாலேயே வந்த ஷாநவாஸ் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நாளைக்கு வாப்பா" என்று அவரை அனுப்பிவிட்டார்.

மாரிக்கனி மெல்ல நடந்து போய் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. தன் முகத்தைப் பிள்ளை பக்கம் திருப்பவும் இல்லை. ரேகைகூடச் சரியாகப் படியாத அந்தப் புதுக் கையை நீட்டி, மகளின் விரலுக்குப் பக்கத்தில், பழைய கன்னத்தின்மேல் வைக்கப் போனாள். முத்துமீனா அந்தக் கையையே பார்த்தாள். தள்ளிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"மெல்லத் தொடு" என்றாள் கண்டிப்பாக. "எங்கம்மா முழிச்சிரும்."

"சரி" என்றாள் மாரிக்கனி. மெல்லத் தொட்டாள்.